மூன்றாவது இருக்கைப் பெண்

மைக்கை எப்படி மாட்டுவது, விளக்கை எந்தப் பக்கம் நிறுத்துவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் கைப்பேசியிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் இல்லை. ஊரார் மாடியில் ஆன்டெனா திருப்பிக்கொண்டிருந்தவன் நான். பிறகு கேபிள் இழுத்தேன், கேமரா தூக்கினேன், கடைசியில் ‘நிகழ்ச்சிப் பொறுப்பாளர்’ என்று கதவில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு வந்தேன். அதை எழுதியதும் நானேதான்.

பள்ளிக்கூட நிகழ்ச்சி செய்ய வந்திருக்கும் உங்களுக்கு என்னிடமிருந்து கொடுக்க நான் சொன்ன ஒரு பொய்தான் இருக்கிறது. நான்கே வாக்கியம். அது நெய்வேலி டவுன்ஷிப்பில் கிளம்பி, எட்டாம் பிளாக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு, என்னிடமே திரும்பி வந்து நின்றது. அது எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. டவுன்ஷிப் பள்ளிகள் சில சேர்ந்து ஒரு குழு அமைத்து, எங்கள் சின்ன கேபிள் சேனலைத் தேடி வந்தன. பத்தாம் வகுப்புக்குத் தினமும் நாற்பது நிமிடம் கணக்கு. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் போனில் பேச ஒரு நேரலை. எங்கள் ஸ்டுடியோ மெயின் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி அறை. ஆட்கள் இரண்டே பேர்: நானும், கேமரா பிடிக்கும் அருளப்பனும்.

பாடம் நடத்த வந்த கணக்கு டீச்சரைப் பற்றி ஊரில் கேட்டால் போதும். அவர் வகுப்பில் தூங்குகிறவன்கூடத் தூக்கத்திலேயே சரியான விடை சொல்வான் என்பார்கள். அப்படிப்பட்டவர் முதல் நாள் கேமரா முன் நின்று ‘வணக்கம்’ என்றார். அதோடு சரி. நான்கு நிமிடம் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சர் ஆச்சு?” என்றேன்.

“யாருமே இல்லையே சார். யாரப் பார்த்துச் சொல்றது?”

“லென்ஸப் பாருங்க. அதுக்குப் பின்னால ஊரே உக்காந்திருக்கு.”

“அது முழிக்குது சார். புரிஞ்சுதா இல்லையான்னு சொல்ல மாட்டேங்குது.”

பிள்ளைகளைக் கூட்டிவர அப்போது அனுமதி இல்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அருளப்பனை எதிரே உட்காரவைத்துப் பார்த்தோம். டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார், ஒரே கணக்கை ஐந்து தடவை போட்டார்.

“இவரு முகத்துல வெளிச்சமே வரலியே சார்.”

“டீச்சர், நான் எட்டாவதுலயே கணக்க வுட்டு ஓடியாந்தவன்,” என்றான் அருளப்பன். “அவ்ளோ தூரம் ஓடியாந்தவன இங்க வந்து புடிச்சிகினீங்களே.”

ஆனால் வழியைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கீழே ஜவுளிக்கடை மூடியிருந்தது. அதன் யூனிஃபார்ம் பகுதியில் பிள்ளை அளவுக்கு ஐந்து பொம்மைகள் சும்மா நின்றன. கடைக்காரரிடம் கேட்டு மேலே தூக்கி வந்து, இடுப்புக்குக் கீழே கழற்றிவிட்டு நாற்காலிகளில் உட்காரவைத்தோம். கேமராவுக்கு முதுகைக் காட்டி ஐந்து தலைகள், அதற்கு அப்பால் டீச்சர், அவருக்குப் பின்னால் கரும்பலகை. மூன்றாவது நாற்காலியில் இருந்த பெண் பொம்மைக்கு நாட்டியக்காரர்கள் வைக்கும் சவுரியை இரட்டைச் சடையாக மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டினான் அருளப்பன். அவனுக்கு மூன்று தங்கைகள். கை பழகியிருந்தது.

டீச்சர் அந்த ஐந்து முகங்களையும் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சாக்பீஸை எடுத்தார். நாற்பது நிமிடம் மழை மாதிரிப் பாடம் கொட்டியது.

முடிந்ததும், “நல்ல பசங்க சார், சிரிச்ச முகமா இருக்காங்க,” என்றார்.

அவை பொம்மைகள் என்று திரையில் நாங்கள் ஒரு வரி போட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அதற்குப் பெயர் நேர்மை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளே போன் வந்தது. ஐந்து பிள்ளைகளும் ஒரே பள்ளி யூனிஃபார்மில் இருக்கிறார்களே, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். அவர் வைப்பதற்குள் இன்னொருவர். மறுநாள் ஐந்து பொம்மைக்கும் ஐந்து பள்ளி உடை மாட்டினோம். ஊர் அமைதியானது.

அடுத்தது கை. இரண்டாவது பொம்மை கடை வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைப்பதற்காகச் செய்த பொம்மை. அதன் வலது கை எப்போதும் மேலே தூக்கியபடி இருக்கும். இறக்க முடியாது. ஒரு அம்மா போனில் கொதித்தார்.

“மூணு நாளா ஒரு புள்ள கையத் தூக்கிகினே இருக்குது. அந்த டீச்சரம்மா கண்டுக்கவே மாட்டேங்கறாங்க. ஒண்ணுக்குப் போவணும்னாகூட வுட மாட்டீங்களா?”

இதை டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் பாதிப் பாடத்தில் நிறுத்தி, அந்தப் பொம்மையைப் பார்த்து, “சொல்லுப்பா, என்ன?” என்றார். காது கொடுத்துக் கேட்டார். “ஓ, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படி ப்ளஸ் ஆகுதுன்னு கேக்கறியா? நல்ல கேள்வி. உக்காரு.”

பத்து நிமிடம் விளக்கினார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அருளப்பன் “ஓ” என்றான். முப்பது வருடம் தாமதமாக வந்த ஓ அது. ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது.

அதன்பின் அந்தப் பொம்மை தினமும் ஒரு சந்தேகம் கேட்டது. வேறு பள்ளி ஆசிரியர்கள் போன் செய்து, ‘அந்தப் பையன் நாளைக்கு என்ன கேப்பான்?’ என்று விசாரித்தார்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருந்தது. நம் தொழிலில் பாதி அதுதான். மீதிப் பாதியில்தான் நான் கோட்டை விட்டேன்.

நிலக்கரி மைன்ஸில் வெடி வைப்பார்கள், வீட்டு ஜன்னல் அதிரும். டவுன்ஷிப்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அதிர்வு அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். ஒருநாள் பதிவின் நடுவில் பெரிய வெடி ஒன்று வந்தது. டீச்சர் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது, கரும்பலகை சாய்ந்தது. முன்னால் இருந்த ஐந்து தலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுபடி எடுக்க நேரமில்லை, அப்படியே ஒளிபரப்பினோம்.

அன்றிலிருந்து அந்த ஐந்தும் ஊருக்கே செல்லப் பிள்ளைகள். “வெடிக்கே திரும்பலைன்னா இதுங்கல்லாம் கலெக்டர்தான் சார்,” என்றார் டீக்கடைக்காரர். அதிலும் மூன்றாவது நாற்காலி இரட்டைச் சடைப் பெண் மேல்தான் எல்லோர் கண்ணும். கேமராவுக்கு நேராக அவள்தான் இருந்தாள்.

அப்போதுதான் வேறொரு அம்மா முதல் தடவை போனில் பேசினார்.

“சார், எங்களுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம்ங்க. இப்ப குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். வூட்டுக்காரரு மைன்ஸ்ல மண்ணு வெட்ற மிஷின் ஓட்றாரு. எம் பொண்ணு மோனிஷா பத்தாவது. அந்த மூணாவது சீட்டுப் பொண்ணு யாரு வூட்டுப் பொண்ணுங்க? அது மாதிரி உக்காரணும்னு எம் பொண்ண இவரு உக்கார வச்சிகினு இருக்காரு.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன். “நல்ல பொண்ணும்மா. எட்டாம் பிளாக். அப்பா ஜெனரல் ஷிப்ட். காலையில அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துக்கும்.”

நான்கு வாக்கியம். அருளப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

பத்து நாள் கழித்து, காலை ஏ ஷிப்ட் முடித்த கையோடு ஒருவர் மாடி ஏறி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காலில் மண் அப்பிய ஷூ. “ஞானவேலுங்க, மோனிஷாவோட அப்பா,” என்றார். கைகூப்பினார். எனக்குப் பின்னால் இருந்த கதவுக்குள் ஐந்து பொம்மைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

“எட்டாம் பிளாக்ல தெருத் தெருவா பார்த்துட்டேன் சார். பத்தாவது படிக்கிற பொண்ணுங்க பதினோரு பேரு இருக்குதுங்க. எல்லார் வூட்டுக்கும் போய் பார்த்தேன். ஒண்ணாச்சும் நேரா உக்காரணுமே.”

“எதுக்குங்க தேடறீங்க?”

“எம் பொண்ணு இப்ப நாப்பது நிமிஷம் ஆடாம அசையாம உக்காருது. கண்ண மட்டும் சிமிட்டிடுது. அந்தப் பொண்ணு சிமிட்றதில்லைங்களே, அது எப்படின்னு கேக்கலாம்னு.”

“பின்னால இருந்துதானே தெரியுது. அது சிமிட்றதில்லைன்னு எப்படிங்க சொல்றீங்க?”

“பின்னாலேருந்து பார்த்தாலே தெரியுதே சார்.”

அவர் கெட்டவர் இல்லை. பத்தாவதோடு நின்றுபோனவர். பெண் நன்றாக வரவேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை. அங்கேயே கதவைத் திறந்து காட்டியிருந்தால் இந்தக் கதை அந்த மாடிப்படியிலேயே முடிந்திருக்கும். நான் “கேட்டுச் சொல்றேன்” என்றேன். அவர் இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மறுவாரம் மோனிஷாவின் அம்மா மறுபடி போனில் பேசினார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“முன்னல்லாம் ‘இது புரியல, அது புரியல’ன்னு கத்திகினே இருக்கும் சார். இப்ப ஒரு வார்த்த கேக்கறதில்ல. பாடம் முடிஞ்சி டிவிய நிறுத்தினாலும் அப்படியே உக்காந்துகினு இருக்குது. எழுந்து வாடின்னா, ‘அந்தப் பொண்ணு எழுந்துச்சாம்மா’ன்னு கேக்குது. பரீட்சையும் எழுத மாட்டாளாம். அந்தப் பொண்ணு எழுதற ஊர்ல நான் எழுதி என்னாவப் போவுதுங்கறா.”

 எங்கள் பாடம் எப்போதும் அந்த முதுகுகளில்தான் முடியும். அவர்கள் எழுந்து போவதை யாரும் பார்த்ததில்லை.

“அம்மா, அது பொண்ணே இல்ல. பொம்மை. ஜவுளிக்கடைப் பொம்மை.”

 “என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. நல்லா இருங்க சார்,” என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். “அவரு கிட்ட சொன்னேங்க. ‘பொம்மைன்னா அது எப்புடி எட்டாம் பிளாக்ல இருக்கும்? அப்பா ஜெனரல் ஷிப்ட்னு அவரே சொன்னாரே’ங்கறாரு. ‘பக்கத்து சீட்டுப் புள்ள தெனம் டவுட்டு கேக்குது, பொம்மையா டவுட்டு கேக்கும்’ங்கறாரு.”

என் நான்கு வாக்கியமும் எனக்கெதிராகச் சாட்சி சொன்னது.

எனக்குக் கேபிள் இழுக்கக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். எதையும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டுதான் சொல்வார். “திரையில வந்த தப்பத் திரையிலதான் திருத்தணும். தனியாக் கூப்பிட்டுக் காதுல சொன்னா அது திருத்தம் இல்ல, சமாதானம்.” போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவர் வெற்றிலை வாசம் வந்தது.

இதற்குள் பள்ளிகள் குழுவின் தலைவர், சனிக்கிழமை நேரலையில் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் ‘சிறந்த ஒழுக்கத்துக்கான’ கேடயம் கொடுப்பதாக அறிவித்துவிட்டார். நான் அவரைக் கூப்பிட்டு, “ஐயா, அந்தப் பிள்ளைங்க விஷயமா ஒண்ணு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் தெரியும். வர முடியாது, விதிமுறை இருக்கு. அவங்க சார்பா நீங்களே வாங்கிக்குங்க. கேடயம் ரெடியாயிடுச்சு,” என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் பள்ளிகள் நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம், ஊர் அவரைப் பொம்மை டீச்சர் என்று சொல்லிச் சிரிக்கலாம் என்றும் சொன்னேன். அவர் மூன்றாவது பொம்மையின் ரிப்பனைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுங்க இல்லைன்னா எனக்குப் பேச்சு வராது சார்,” என்றார். “ஆனா அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே பேச்சு நின்னு போச்சே.”

ஆறு மணி. தலைவர் சால்வையோடும் ஐந்து கேடயங்களோடும் வந்து உட்கார்ந்தார். பொம்மைகளைக் கரும்பலகைக்கு எதிரே எப்போதும்போல கேமராவுக்கு முதுகு காட்டி வைத்திருந்தோம்; டீச்சர் அவற்றின் முன்னால் நின்றார். தலைவர் தூரத்திலிருந்தே அவற்றைப் பார்த்து, “பரவாயில்லையே, அனுமதி வாங்கிக் கூட்டிவந்துட்டீங்களா,” என்று மெச்சினார். நான் பதில் சொல்வதற்குள் அருளப்பன் நேரலை தொடங்க விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

முதல் அழைப்பே ஞானவேல்.

“சார், எம் பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்குது. அந்த மூணாவது சீட்டுப் பொண்ணு கிட்ட ஒரு வார்த்த பேசணும்ங்க.”

இந்த இடம்தான் நான் உங்களுக்குச் சொல்லவந்த இடம். என் முன்னால் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் இணைப்பு போய்விடும். ‘தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும்’ என்று சொன்னால் ஊர் நம்பும். அந்த வாக்கியத்தை நம் தொழிலில் அத்தனை தடவை சொல்லியிருக்கிறோம். என் விரல் அதன் மேல்தான் இருந்தது.

விரலை எடுத்தேன். எழுந்து போய் மூன்றாவது நாற்காலிப் பெண்ணைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கேமரா முன்னால் நின்றேன். அவசரத்தில் ஒரு சடை கழன்று என் சட்டைப் பையில் தொங்கியது.

“ஞானவேல் சார், இதுதான் அந்தப் பொண்ணு. இதுக்குப் பேர் கிடையாது. எட்டாம் பிளாக்கும் கிடையாது. அப்பாவும் கிடையாது, ஷிப்டும் கிடையாது. அதெல்லாம் நான் சொன்ன பொய். இது கீழ்க்கடைப் பொம்மை. உள்ளே ஒண்ணும் இல்ல, பாருங்க.” விரலால் முதுகில் தட்டிக் காட்டினேன். காலி டின் சத்தம் நேரலையில் போனது. “மத்த நாலும் இதேதான். கையத் தூக்கினதும் பொம்மைதான். அதோட சந்தேகமெல்லாம் டீச்சரோட சந்தேகம்.”

தலைவர் கையில் முதல் கேடயம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். “அப்ப இத யார் பேர்ல ரெஜிஸ்டர்ல ஏத்தறது?” என்று என்னைக் கேட்டார்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழு என்னிடம் விளக்கம் கேட்டது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கே படிக்கச் சிரமமாக இருந்திருக்க வேண்டும், மறு கடிதம் வரவில்லை. நிகழ்ச்சி நிற்கவில்லை. பொம்மைகள் கீழே போயின. கடைக்காரர் அவற்றுக்கு மேல் ‘டிவி புகழ்’ என்று அட்டை மாட்டினார். கேடயங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அருளப்பன் வீட்டில் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த நிமிடம் இதெல்லாம் எதுவும் தெரியாது. ஸ்பீக்கரில் ஞானவேல் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

“அப்ப,” என்றார் மெதுவாக, “இத்தினி நாளும் எம் பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டுங்களா?”

“ஆமாங்க. உங்க பொண்ணு மட்டும்தான் உக்காந்திருந்தது.”

 பிறகு போனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் குரல். “அப்பா, இப்பவாச்சும் எழுந்திரிக்கட்டுமா?”

“எழுந்திரும்மா,” என்றார் அவர்.  “எழுந்து கொஞ்சம் ஆடும்மா.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அந்த அம்மாவாக இருக்கலாம். பிறகு போன் கை மாறியது.

“டீச்சர், நான் மோனிஷா. எனக்கு மொத நாள் பாடத்துலேருந்தே டவுட்டு இருக்குது. கையத் தூக்கிகினு இருக்கேன் டீச்சர். தெரியுதுங்களா?”

டீச்சர் எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் என் கக்கத்தில் இருந்தாள். டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, முதல் நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட நேராகப் பார்க்காத லென்ஸைப் பார்த்தார்.

“தெரியுது மோனிஷா,” என்றார். “கேளு.”